கூடைக்கு இடம் உண்டா?

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் சர்ச்சையைக் கிளப்பிய கதை அது. மழையில் தனியே நிற்கும் ஏழைக் கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். ஆளில்லாத இடத்தில் காரை நிறுத்தி அவளைத் தன் இச்சைக்கு உட்படுத்துகிறான் அவன். அழுதுகொண்டே வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, அதை நெருப்பென்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள். பெண்ணிய வாசிப்பென்று நான் கற்றதும் கற்பித்ததும் இந்தக் கடைசிக் காட்சியைச் சுற்றித்தான். தாய் செய்தது விடுவிப்பா, மூடிமறைப்பா? தூய்மை என்ற சொல்லையே அவள் தூக்கி எறிந்திருக்க வேண்டாமா? அவன் தலையில் யார் தண்ணீர் ஊற்றினார்கள்? இந்தக் கேள்விகளோடுதான் வகுப்புக்குள் நுழைவேன்.

ஒருநாள் பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து, "மேம், அந்தப் பொண்ணோட பஸ்ஸு நேரத்துக்கு வந்திருந்தா கதையே இல்லல்ல?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஊரிலிருந்து பொன்னேரிக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து ரயில் என்று தினமும் வருகிறவள். பேருந்து வராத நாளின் கணக்கு அவளுக்குத் தெரியும்.

அன்று மாலை கதையை முதல் பத்தியிலிருந்து படித்தேன். ஜெயகாந்தன் கதையைத் தொடங்குவது கற்பிலிருந்து அல்ல, வண்டிகளிலிருந்து. பெண்கள் கல்லூரி வாசலில் பேருந்துக்காக மாணவிகள் வரிசையில் நிற்கிறார்கள். கார் வசதியுள்ள மாணவிகள் வண்டியை நிறுத்தி நெருங்கிய தோழிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கல்லூரி வேன் தனக்குரியவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. மற்றவர்கள் மழையில் காத்திருக்கிறார்கள். யார் எதில் போகிறார்கள் என்பதைக் கொண்டே யார் யார் என்று சொல்லிவிடுகிறது கதை. கடைசியில் தனித்து நிற்கிறவள்தான் நாயகி. பெரிய கார் வந்து நிற்கும்போது அவளுக்கு முதலில் உண்டாவது அந்தக் காரின் மேல் வியப்பு. அதன் உள்ளழகைப் பார்த்து மயங்குகிறாள். அந்த மயக்கத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தாண்டிப் போயிருக்கிறோம். மழையில் நனையாத ஓர் இடம், நினைத்த நேரத்தில் புறப்படும் ஓர் இடம் அவளை மயக்கியதில் என்ன தவறு? தவறு, அந்த இடத்தின் சாவி ஒருவன் கையில் மட்டும் இருந்தது. அவளுக்கென்று இருக்க வேண்டிய பொது வண்டி வராமல் போனது.

இந்த இரண்டு தவறுகளில் முதலாவதை நம் தலைமுறை தனக்குத் தெரிந்த வழியில் தீர்த்துக்கொண்டது. நாமே சாவியை வாங்கினோம். முப்பத்தைந்து வயதில் நான் கார் ஓட்டக் கற்றேன். பேருந்தில் இடுப்பில் ஊர்ந்த கைகளிலிருந்தும், கூட்டம் முடித்து இரவு ஒன்பதுக்கு மேல் வீடு திரும்ப யாரையாவது கெஞ்சுவதிலிருந்தும் அது என்னை விடுவித்தது. என் கவிதைகளில் கார் இல்லை, ஆனால் பல கவிதைகள் காரில்தான் உருவாயின. எனவே கார்மேல் பிரியம் வைத்தவர்களைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. நானும் அவர்களில் ஒருத்தி.

கார்ப் பிரியத்தைத் தமிழில் மிகவும் கனிவோடு சொன்ன படைப்பு, அருண்குமார் இயக்கி 2014-இல் வெளிவந்த 'பண்ணையாரும் பத்மினியும்'. நண்பர் விட்டுப்போன பழைய பத்மினி கார்மேல் ஒரு கிராமத்துப் பண்ணையாருக்கும் அதன் ஓட்டுநருக்கும் வரும் பாசம்தான் படம். அதில் வில்லத்தனம் இல்லை, வேகம் இல்லை. ஆண்கள் ஓர் இயந்திரத்தைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். பண்ணையாரின் மனைவி செல்லம்மா, கணவர் தாமே ஓட்டக் கற்ற பிறகுதான் அந்தக் காரில் ஏறுவேன் என்கிறார். முதல் முறை பார்த்தபோது அந்தக் காதலில் எனக்குக் கண் கலங்கியது. இரண்டாம் முறை பார்க்கும்போது வேறொன்று உறுத்தியது. காருக்குப் பெண் பெயர். படிக்காதவனில் ரஜினியின் டாக்சிக்கும் பெயர் லட்சுமி. பெண் பெயருள்ள வண்டியை ஓட்ட ஆண் கற்க வேண்டும், ஓட்டுநர் வேலை பறிபோகுமோ என்று இன்னொரு ஆண் தவிக்க வேண்டும். செல்லம்மா கற்றால் என்ன என்று அந்தக் கதையுலகில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. செல்லம்மாவுக்கே தோன்றவில்லை. அவருடைய ஆசையின் எல்லை பக்கத்து இருக்கை.

இப்போது கார்ப் பிரியர்களிடையே இன்னொரு பேச்சு வந்திருக்கிறது. பூமி சூடாகிறது, புகையைக் குறைக்க வேண்டும், ஆகவே வண்டியைக் குறைவாக எடுப்போம். வாரத்தில் ஒருநாள் நடப்போம், பக்கத்துக் கடைக்குச் சைக்கிளில் போவோம். வண்டியை உயிராக நேசித்த ஒருவர் அதைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு மின்சார ரயிலில் போவதைப் பற்றி நெகிழ்ந்து சொல்லும்போது அந்த நெகிழ்ச்சி பொய் என்று நான் நினைக்கவில்லை. புகையைக் குறைக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உறுத்துவது அதன் மொழி. அது துறவின் மொழி.

தமிழ் படித்தவளுக்குத் துறவின் மொழி பழக்கமானது. இருப்பவன்தான் துறக்க முடியும். வீட்டை விட்டுப் போகிறவன் ஞானி, வீட்டில் விடப்பட்டவளுக்கு அந்தக் கதையில் வசனம் குறைவு. காரைத் துறப்பதும் அப்படியே. வைத்திருப்பவர் எடுக்காமல் இருந்தால் அது அறம். வாழ்நாள் முழுக்க எடுக்காத, எடுக்க வண்டியே இல்லாத பெண் நடந்து போனால் அதற்குப் பெயர் இல்லை. அவளிடம் யாரும் 'குறைத்துக்கொள்' என்று சொல்வதும் இல்லை, 'குறைத்தாய்' என்று பாராட்டுவதும் இல்லை.

அந்தப் பெண்ணைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மாணவி கேட்ட கேள்வியின் பின்னால் போனேன், அவள் ஊருக்கு. என் காரில்தான் போனேன்.

செங்குன்றத்தைத் தாண்டியதும் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று அங்கே இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பல பத்தாண்டுகள் கார்ப் பந்தயம் நடத்தியது. இந்தியக் கார்ப் பிரியர்களுக்குச் சோழவரம் ஒரு புண்ணியத்தலம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப்பாதை வந்தது. இந்த வடக்குச் சாலை இப்படிக் கார்களின் வரலாற்றுக்குள் கிடக்கிறது. இன்னும் கிழக்கே போனால் எண்ணூர்த் துறைமுகம். ஒரகடம் ஆலையில் செய்த நிசான் கார்கள் 2010 முதல் அந்தத் துறைமுகம் வழியாகக் கப்பலேறின. அதை அடுத்து வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த அதை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காடு மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. அதற்கும் வடக்கேதான் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கார்கள் வருகின்றன, பூநாரை பார்க்க, டச்சுக் கல்லறை பார்க்க. கார் உலகம் இந்தக் கிராமங்களைத் தெற்கிலிருந்து துறைமுகமாக நெருக்குகிறது. விடுமுறை நாட்களில் விருந்தாளியாகவும் வருகிறது.

2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடப்பதாக இருந்தது. மிக்ஜாம் புயல் வந்ததால் தள்ளிவைத்தார்கள். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் இரவு வெளிச்சத்தில் அது நடந்து முடிந்தது. அதே புயல் வெள்ளத்தில், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் மீனவர்கள் வாளியாலும் வெறுங்கையாலும் எண்ணெயை அள்ளினார்கள். பந்தயத்துக்கு வேறு தேதி கிடைத்தது. கறுத்துப்போன வலைக்கும் விற்காத மீனுக்கும் அப்படி வேறு தேதி ஏது? எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான இந்தக் கழிகளில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். கையே வலை. அந்தக் கை எண்ணெய்ச் சேற்றைத் துழாவுகிறது. நம் வண்டிகளுக்குப் பெட்ரோல் வடித்த கணக்கின் மறுபக்கம் அந்தச் சேற்றில் இருக்கிறது.

மாணவியின் அம்மா மீன் விற்கிறவர். விடியலில் ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் போட்டு, பொன்னேரித் தெருக்களில் கொண்டுபோய் விற்பார். நான் போன அன்று புறப்படத் தாமதமாகிவிட்டது என்றார். நானும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். "வாங்க, வண்டியில போயிடலாம்" என்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு கார் அருகே வந்து நின்றார். கூடையின் அடியிலிருந்து பனிநீரும் மீன்நீரும் சொட்டிக்கொண்டிருந்தன. "கூடைய எங்கம்மா வெக்கிறது?" என்று கேட்டார். பின்கதவைத் திறந்த என் கை ஒரு நொடி நின்றது. பிறகு பழைய செய்தித்தாள் இருக்கிறதா என்று தேடப் போனேன். அவ்வளவுதான். அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார். "வாணாம் டீச்சரம்மா, வண்டி நாறிப்பூடும். நான் ஆட்டோலயே போயிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். கோபம் இல்லை. பழக்கம்.

திரும்பும் வழியெல்லாம் அந்த நொடியே என்னோடு வந்தது. பெண்ணின் கையில் சாவி இருந்தால் கதை மாறிவிடும் என்று நம்பியவள் நான். சாவி என் கையில்தான் இருந்தது. ஜெயகாந்தனின் முதல் பத்தியில் நெருங்கிய தோழிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிற கார் மாணவியின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அன்று நான் காரை எடுக்காமல் பேருந்தில் வந்திருந்தால் காற்றில் கொஞ்சம் புகை குறைந்திருக்கும். அவருடைய கூடைக்கு அதனால் ஓர் இடமும் கூடியிருக்காது. தனியாளின் துறவால் வரக்கூடியது இவ்வளவுதான்.

அடக்கம் என்பதை வேறு மாதிரியும் அமைக்கலாம் என்பதற்குச் சான்று அதே ஏரியில் இருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. ஏரியில் இறால் விழும் இடங்களில் யார் என்று வலை கட்டலாம் என்பதைக் கோட்டைக்குப்பம் முதலான பாட்டு உரிமையுள்ள கிராமங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. இன்று உன் பாடு, நாளை என் பாடு. முறை இல்லாத நாளில் ஒருவர் வலை கட்டாமல் இருப்பதை யாரும் தியாகம் என்று சொல்வதில்லை. அது விதி. எல்லோரையும் கட்டுப்படுத்துவதால் யாருக்கும் அவமானமும் இல்லை, பெருமையும் இல்லை. 'குறைவாக எடு' என்பது அங்கே தனிமனித நற்குணமாக இல்லாமல் பங்கீடாக இருக்கிறது.

ஆனால் பாட்டைப் புகழ்ந்துவிட்டு நகர ஒரு பெண்ணால் முடியாது. பாடு தலைக்கட்டுகளுக்கு உரியது, தலைக்கட்டு என்றால் ஆண். பெண்ணுக்குப் பாடு இல்லை. கையால் இறால் துழாவும் இருளருக்கும் பாடு இல்லை. பாடு என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. முறை என்ற பொருளில் அது ஆணுக்குப் போக, படும் துன்பம் என்ற பொருள் பெண்ணிடம் தங்கிவிட்டது. நமக்கு வேண்டியது பாட்டின் அமைப்பு, பெண்ணின் பெயரும் ஏறிய பட்டியலோடு. சாலைக்கும் அப்படி ஒரு பாடு வேண்டும். தெருவை யார் எவ்வளவு எடுப்பது, பொதுப் பணத்தில் மேம்பாலம் எவ்வளவு, பேருந்து எவ்வளவு என்று எல்லோரையும் கட்டும் ஒரு முறை.

அப்படி ஒரு முறையை டெல்லி 2016 ஜனவரி 1 முதல் 15 வரை சோதித்தது. ஒற்றைப்படை எண் வண்டிக்கு ஒருநாள், இரட்டைப்படைக்கு மறுநாள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாக இல்லாமல், பெண்கள் மட்டும் செல்லும் கார்களுக்கு விலக்கு தந்தார்கள். அன்று அதைச் சலுகை என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது ஓர் ஒப்புதல் வாக்குமூலமாகத் தெரிகிறது. உங்களைப் பேருந்தில் பத்திரமாகக் கொண்டுபோக எங்களால் முடியாது, அதனால் காரிலேயே போங்கள் என்று ஓர் அரசு சொல்கிறது. பொது வண்டி பெண்ணுக்கு ஆகாததாக இருக்கும் வரை காரைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை அவளிடம் வந்து முட்டி நிற்கும் என்பதை அந்த விலக்கே காட்டிவிட்டது.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. கார்ப் பிரியர்கள் கூடிப் பேசிய எந்தத் துறவையும்விட இது பெரிய சூழலியல் காரியம், பெரிய பெண்ணியக் காரியமும்கூட. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்ததற்குப் பிறகு, பெண்களின் கால்களை இவ்வளவு தூரம் நீட்டிய இன்னொன்றை நான் பார்க்கவில்லை. இரண்டிலும் புகை கூடவில்லை, பெண்ணின் உலகம் கூடியது. விடுதலை என்றாலே பெட்ரோல் எரிய வேண்டும் என்ற என் தலைமுறையின் பழக்கத்தை இவை இரண்டும் கேள்வி கேட்கின்றன.

ஆனால் அதே 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய பெண் ஒருவர், நாற்றமடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். பேருந்து நிலையத்தில் நின்று அவர் உரக்கக் கேட்ட நியாயம் தமிழ்நாடெங்கும் பரவியது. பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதை நான் வகுப்பில் கொதித்துப் பேசியிருக்கிறேன். கார்க் கதவில் என் கை நின்ற நொடிக்கும் அந்தப் பேருந்து நின்ற இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கேரளம் 2021-இல் திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே 'சமுத்ரா' என்ற இலவசப் பேருந்துகளை விட்டது, மீன் பாத்திரங்களை வைக்க வசதியோடு. கூடையோடு ஒரு பெண் ஏறுவாள் என்பதை முன்கூட்டியே யோசித்து ஒரு வண்டியை அமைக்க முடியும் என்பதற்கு அதுவே போதும்.

தமிழ்க் காப்பியத்தில் துறந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். மணிமேகலை துறந்தபோது அவள் கையில் பாத்திரம் இருந்தது, எதிரே பசித்தவர்கள் இருந்தார்கள். துறவு என்று பேசித்தான் தீர வேண்டுமென்றால் அப்படிப் பேசுவோம். குறைப்பதை யாருக்குக் கொடுக்கிறோம் என்ற கேள்வியோடு.

காரை நான் விற்கவில்லை. இரவுக் கூட்டங்களுக்கு இன்னும் அதில்தான் போகிறேன். பகலில் கல்லூரிக்கு ரயிலில் போகத் தொடங்கியிருக்கிறேன், அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாணவியின் அம்மாவை மறுபடி பார்த்தேன். மன்னிப்புக் கேட்கப் போய், என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் பேருந்தைப் பற்றித்தான் பேசினார். "சும்மா போலாம்னு வுட்டாங்க, நல்லதுதான். காலைல இன்னொரு வண்டி வுடட்டும். கூடைய வெக்க எடம் குடுக்கட்டும். வேற இன்னா வேணும்?"

இந்த ஆண்டு 'அக்கினிப் பிரவேச'த்தைக் கடைசிக் காட்சியிலிருந்து தொடங்காமல் முதல் பத்தியிலிருந்து நடத்தினேன். தண்ணீர், நெருப்பு பற்றிய கேள்விகளுக்கு இரண்டாம் வாரம்தான் போனோம். முதல் வாரம், ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு எப்படி வருகிறாள் என்று எழுதச் சொன்னேன். எத்தனை மணிக்கு எழுந்து, எதில் ஏறி, எங்கே இறங்கி, எவ்வளவு நேரம் நின்று. தாள்கள் வந்தன. பழவேற்காட்டு மாணவியின் தாளில் பேருந்து நேரங்கள் வரிசையாக இருந்தன. வராத நாட்களுக்கு எதிரே, அன்று எப்படி வந்தாள் என்று எழுதியிருந்தாள். ஒரு நாளுக்கு எதிரே மட்டும் 'வரவில்லை' என்று இருந்தது. பேருந்தா, அவளா என்று அதில் எழுதவில்லை.